இரவு எப்போது தொடங்குகிறது? அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் இரைச்சலும் சட்டமும்

காரைதீவிலிருந்து அம்பாறைக்குப் போகும் வீதியில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது மாவடிப்பள்ளி. நிருவாகத்தில் அது காரைதீவுப் பிரதேச சபைக்கு உட்பட்ட முஸ்லிம் கிராமம். 1996 மே மாதம் வர்த்தமானியில் வெளியான தேசிய சுற்றாடல் (இரைச்சல் கட்டுப்பாடு) ஒழுங்குவிதிகள் பிரதேச சபைப் பகுதிகளைக் குறைந்த இரைச்சல் வலயமாகக் கொள்கின்றன: பகலில் 55 டெசிபெல், இரவில் 45. மாநகர சபை, நகர சபைப் பகுதிகளுக்கு முறையே 63, 50. சாய்ந்தமருது கல்முனை மாநகர சபைக்குள் இருப்பதால், காரைதீவு எல்லையைத் தாண்டியதும் பகலில் 8 டெசிபெல் கூடுதலாக அனுமதி கிடைக்கிறது. ஒலிச் சக்தியில் அது ஆறு மடங்கிற்கும் மேல். காதுகள் இரு பக்கமும் ஒரே மாதிரியானவை. மனிதர் எவ்வளவு இரைச்சலைத் தாங்கலாம் என்பதை உள்ளூராட்சி எல்லைக்கோடு தீர்மானிக்கிறது.

இரவு எப்போது தொடங்குகிறது என்பதிலும் சட்டம் ஒரு குரலில் பேசவில்லை. 1996 ஒழுங்குவிதிகளில் இரவு மாலை 6 மணிக்குத் தொடங்கிக் காலை 6 மணிக்கு முடிகிறது. உயர் நீதிமன்றத்தின் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அது 10 மணிக்குத்தான் தொடங்குகிறது. இந்த நான்கு மணித்தியால வேறுபாட்டைச் சிறிய பிசகாகக் கருத முடியாது. மஃரிபுக்குப் பின் குர்ஆன் ஓதும் பிள்ளைகள், பரீட்சைக்குப் படிப்பவர்கள், வயலிலிருந்து வந்து உடம்பைச் சாய்ப்பவர்கள் எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம் அது. பயான் எனும் சமயச் சொற்பொழிவும் கல்யாண வீட்டுப் பாட்டும் கழக நிகழ்ச்சியும் நடப்பதும் அதே நேரத்தில்தான்.

அந்த 2007 தீர்ப்பு வெலிகம கப்புவத்தை முஹியித்தீன் ஜும்ஆப் பள்ளிவாசல் சார்ந்த அடிப்படை உரிமை வழக்கில் பிறந்தது. பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு, பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின் கீழ் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்றும், பகலில் ஒலி வளாகத்தைத் தாண்டாதவாறு நிபந்தனை விதிக்க வேண்டும் என்றும் பணித்தது. நம் ஊர்களில் இத்தீர்ப்பு பாங்குக்கு எதிரானது என்றே பேசப்பட்டது. சுபஹ் பாங்கு ஆண்டு முழுவதும் 6 மணிக்கு வெகு முன்னரே வருவதால் அந்த அச்சம் விளங்கிக்கொள்ளத் தக்கதே. ஆனால் தீர்ப்பின் இன்னொரு பணிப்புரை கவனிக்கப்படாமலே போயிற்று. விசேட சமய நிகழ்வுகளுக்கு விதிவிலக்கு அளிக்கலாம். அதற்கு முன் அயலில் வசிப்பவர்களின் கருத்தை அறிய வேண்டும், அனுமதியை அவர்களுக்கு அறிவிக்கவும் வேண்டும். இக்கட்டுரையின் வாதம் இந்த ஒற்றைப் பணிப்புரையைச் சுற்றியது. கரையோர ஊர்களுக்கு நேர வரம்பை விட, டெசிபெல் அட்டவணையை விட, இதுவே முக்கியம்.

காரணம் முதலில் பௌதிகத்தில் இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலிமட்டம் சுமார் 6 டெசிபெல் குறையும். 400 மீற்றருக்கு அப்பாலுள்ள வீட்டுக்கு நன்றாகக் கேட்க வேண்டுமென்று ஒலியைக் கூட்டினால், 50 மீற்றரிலுள்ள வீடு அதைவிட 18 டெசிபெல் அதிகமாகச் சுமக்க நேரும். ஊர் முழுவதற்குமான அறிவித்தலின் விலையைக் ஒலிபெருக்கிக் கம்பத்தடியிலுள்ள பத்துப் பன்னிரண்டு வீடுகளே கொடுக்கின்றன. மாவடிப்பள்ளி போன்ற வயல் சூழ்ந்த ஊரில், நீர் நிறைந்த வயல் ஒலியை உறிஞ்சுவதில்லை. இரவில் நிலத்தையொட்டிய காற்று குளிர்ந்திருக்கும்போது ஒலி மேலே கலைந்து போகாமல் கீழே வளைகிறது. யானை விரட்டப் போடும் வெடி நெடுந்தூரம் கேட்பதற்கும் இதுவே காரணம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டி, படுக்கையறையில் சராசரி 30 டெசிபெலும் தனி ஒலியின் உச்சம் 45 டெசிபெலும் தாண்டாதிருந்தால் உறக்கம் கலையாது என்கிறது. ஓரளவு திறந்த ஜன்னலுடைய வீடு 15 டெசிபெலைத் தடுக்கும் என்ற கணக்கும் அதில் உண்டு. கூரைக்கும் சுவருக்கும் இடையே காற்று வர வழிவிட்டுக் கட்டிய நம் ஓட்டு வீடுகளுக்கு அந்தக் கணக்கு தாராளமானது. சூட்டுக்காகத் திறந்து வைத்த வீட்டுக்குள் இரைச்சல் தடையின்றி நுழைகிறது.

இங்கே பாங்கையும் பிறவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பாங்கு சில நிமிட அழைப்பு. மரண அறிவித்தலுக்கும் வெள்ள எச்சரிக்கைக்கும் நியாயம் உண்டு. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் மத்ரஸா மாணவர்களை அடித்துச் சென்ற பின் அதை யாரும் மறுக்கமாட்டார்கள். மணிக்கணக்கான பயானை வெளி ஒலிபெருக்கியில் விடுவது வேறு விடயம். சவூதி அரேபியா 2021 மே மாதத்தில் வெளி ஒலிபெருக்கியைப் பாங்குக்கும் இகாமத்துக்கும் மட்டுமென வரையறுத்து, ஒலியளவையும் கருவியின் உச்ச அளவில் மூன்றிலொன்றுக்கு மட்டுப்படுத்தியது. பள்ளிவாசலில் சத்தமாக ஓதியவர்களை, ஒருவருக்கொருவர் இடையூறு செய்ய வேண்டாமென்று நபிகளார் தடுத்த செய்தி அபூதாவூத் தொகுப்பில் இருக்கிறது. குர்ஆன் ஓதலுக்கே அந்த வரையறை என்றால், மற்றவை குறித்து வாதாட அதிகம் இல்லை. அயலிலுள்ள கோயில் திருவிழாக்களுக்கும் கழகங்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் இதே அளவுகோல்தான் பொருந்தும்.

அப்படியானால் பாதிக்கப்பட்டவர் ஏன் முறையிடுவதில்லை? கிழக்கில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வது வழக்கம். அதனால் ஒரு ஒழுங்கைக்குள் அக்காவும் தங்கையும் சாச்சியும் பெரியம்மாவும் வேலிக்கு வேலி இருக்கிறார்கள். ஒலிபெருக்கி கட்டிய கல்யாண வீட்டின் மேல் பொலிஸில் முறையிடுவது சொந்தத்தின் மேல் முறையிடுவதாகும். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையோ மரபாகத் தாய்வழிக் குடிகளின் பிரதிநிதிகளான மரைக்கார்களைக் கொண்டு அமைந்தது. ஊரைப் பிரதிநிதித்துவம் செய்யும் வலு அதற்கு உண்மையிலேயே உண்டு. ஆனால் அதில் இருப்பவர்கள் ஆண்கள். பச்சைக் குழந்தையைத் தூங்க வைப்பவளும், படுக்கையிலுள்ள மூதாட்டியைப் பார்ப்பவளும் அந்தச் சபையில் இல்லை. முறைப்பாட்டை நம்பி இயங்கும் சட்டம் இந்தச் சமூக அமைப்பில் வேலை செய்யாது. சம்மதத்தை முன்கூட்டியே கேட்கும் ஏற்பாடு வேலை செய்யும். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 2007 தீர்ப்பே போதும்.

எனவே அனுமதி கேட்பவர், அது பள்ளிவாசலாயினும் கோயிலாயினும் கழகமாயினும், அயலவரின் கருத்தை எழுத்தில் பெற்றே பொலிஸ் நிலையத்துக்குச் செல்ல வேண்டும். கேட்கப்படும் வீடுகளின் வரிசை ஒலிபெருக்கி கட்டப்படும் கம்பத்தடியிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வீட்டில் பதில் சொல்பவர் குடும்பத் தலைவராக இருக்க வேண்டியதில்லை. ஒலிபெருக்கி போடப்படும் நேரத்தில் வீட்டில் இருப்பவராக இருக்க வேண்டும்.