சென்னைக்கு எத்தனை நாழிகை?

சென்னை எவ்வளவு தூரம் என்று பெங்களூர்த் தமிழரை வினவினால், அவர் கிலோமீட்டரில் விடை கூறார், மணிக்கணக்கிலேயே கூறுவார். ஊரில் தாய்க்கு உடல்நலங் குன்றிற்று எனச் செய்தி வந்தால், எந்நேரத்திற்குள் போய்ச் சேரலாம் என்பதன்றோ நம்மனோர்க்குத் தொலைவு! அத்தொலைவு குறைந்த வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

1809இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்தபோது, படையோடும் தொழிலோடும் தமிழர் பலர் வந்து குடியேறினர். மாட்டுவண்டி நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் செல்லும் எனக் கொண்டால், சென்னையை அடையப் பன்னிரண்டு நாள் ஆகும். ஊரில் ஒருவர் மறைந்த செய்தி இங்கு வந்து எட்டி, மகன் புறப்பட்டுப் போய்ச் சேருமுன் கருமாதியும் முடிந்துவிடும். 1864 ஆகஸ்டில் சோலார்ப்பேட்டையிலிருந்து தண்டு நிலையம் வரை இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. பன்னிரண்டு நாள் வழி ஓரிரவு வழியாயிற்று. இதனினும் பெரிய மாறுதலை விமானமும் செய்ததில்லை என்று துணிந்து கூறலாம்.

1932இல் டாட்டா நிறுவனம் தொடங்கிய அஞ்சல் விமானம் கராச்சி, பம்பாய், பல்லாரி வழியாகச் சென்னையை அடைந்தது. பெங்களூர் அவ்வழியில் இல்லை. 1940இல் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு இங்கே விமானத் தொழிற்சாலையை நிறுவினார். அதனையொட்டிய இறங்குதளமே பின்னர் நகரின் விமான நிலையமாயிற்று. விமானபுரம் என்னும் பேட்டைப் பெயர் அத்தொழிற்சாலையின் சுவடேயாகும்.

பெங்களூருக்கும் சென்னைக்கும் வான்வழித் தொலைவு 270 முதல் 290 கிலோமீட்டர்தான். மணிக்கு 300 கிலோமீட்டர் அளவில் பறந்த அந்நாளைய டக்கோட்டா விமானம் இதனை ஏறத்தாழ ஒரு மணியில் கடக்கவல்லது. மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கவல்ல இந்நாளைய ஜெட் விமானத்திற்கும் கால அட்டவணை ஒரு மணியளவே தருகின்றது. வியப்பன்று! தரையில் ஊர்வதிலும், மேலெழுவதிலும், கீழிறங்குவதிலுமே பெரும்பொழுது கழிகின்றது. முழு வேகத்தில் பறக்குமுன் சென்னை வந்துவிடுகின்றது.

வானில் நேரம் குறையவில்லை, தரையிலோ கூடிற்று. அல்சூரிலிருந்து பழைய நிலையம் பத்துக் கிலோமீட்டருக்கு உட்பட்டதே. 2008 மே மாதம் தேவனஹள்ளியில் புதிய நிலையம் திறந்தபின், முப்பது கிலோமீட்டருக்கு மேல் செல்லவேண்டியதாயிற்று. போக்குவரத்து நெரிசலில் நிலையம் அடைய ஒன்றரை மணி. சோதனைக்கும் காத்திருப்புக்கும் ஒன்றரை மணி. பறப்பது ஒரு மணி. மீனம்பாக்கத்திலிருந்து வீடு சேர ஒரு மணி. ஆக ஐந்து மணி! 2022 நவம்பரில் தொடங்கிய வந்தே பாரத் வண்டியோ சுமார் நாலரை மணியில் சென்னை சென்ட்ரலை அடைகின்றது.

ஆயின் விமானம் பயனற்றதோ எனின், அன்று. மதுரைக்குப் புகைவண்டி ஓரிரவு கொள்ளும். விமானத்தில் அரைப்பகல் போதும். தூரம் மிகமிக அதன் பயனும் மிகும். 2003இல் கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கான், கட்டணத்தைக் குறைத்து எளியோரையும் விமானத்தில் ஏற்றிற்று. எனவே அவசரச் செய்தி வருங்கால், பறக்கும் நேரத்தை மட்டும் எண்ணி மயங்காது, வீட்டு வாயிலிலிருந்து வீட்டு வாயில்வரை கணக்கிடுவோமாக. நம் முன்னோர் பன்னிரண்டு நாளில் சென்ற வழியை நாம் அரைப்பகலில் செல்கின்றோம். செய்தி வரும்வரை காத்திராமல், பெற்றோர் நலமாயிருக்கும்போதே சென்று காண்பது அன்றோ அப்பேற்றின் பயன்!