ஜான் குளோவர்

குளோவர், ஜான் (1732–1797): அமெரிக்க விடுதலைப் போர்த் தளபதி. மாசசூசெட்ஸின் சேலத்தில் பிறந்தவர். காலணித் தொழிலில் தொடங்கி, மார்பிள்ஹெட் துறைமுகத்தில் மீன் வணிகரானார். 1775-இல் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களை மறிக்க அமெரிக்கப் படைத் தலைவர் வாஷிங்டன் ஆயுதம் பூட்டிய ‘ஹன்னா’ இவருடைய பாய்மரக் கப்பலே.

இவரது படைப்பிரிவினரில் பெரும்பாலோர் மார்பிள்ஹெட் மீனவர்களும் மாலுமிகளும். கறுப்பினத்தவரும் அவர்களில் இருந்தனர். போர்ப் பயிற்சியைவிடத் துடுப்புப் பழக்கமே இவர்களின் பலம். 1776 ஆகஸ்ட் 29 இரவு, லாங் ஐலண்டில் தோற்று ஆற்றங்கரையில் ஒதுங்கிய சுமார் 9,000 அமெரிக்க வீரர்களை ஓசையின்றி மன்ஹாட்டனுக்குக் கடத்தினர். பொழுது விடிந்தும் பணி முடியவில்லை, மூடுபனிதான் காப்பாற்றியது. அக்டோபரில் பெல்ஸ் முனையில், கற்சுவர்களுக்குப் பின்னே சுமார் 750 பேரை நிறுத்தி, பன்மடங்கு பெரிய பிரிட்டிஷ் படையைத் தாமதப்படுத்தினார். தனித் தலைமையில் இவர் நடத்திய சிறந்த போர் இதுவே எனலாம்.

அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவில் பனிக்கட்டிகள் மிதந்த டெலவேர் ஆற்றைக் கடந்து, 2,400 பேரையும் 18 பீரங்கிகளையும் டிரென்டன் தாக்குதலுக்காகக் கரைசேர்த்ததிலும் இவரது படைப்பிரிவினருக்கே முதன்மைப் பங்கு. புகழ் வாஷிங்டனுக்குப் போனது. துடுப்புப் பிடித்தவர்களைப் பலரும் மறந்தனர்.

1777-இல் பிரிகேடியர் ஜெனரலானார். சரட்டோகாவில் சரணடைந்த பிரிட்டிஷ் படையைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துச் சென்றார். உடல்நலக் குறைவால் 1782-இல் ஓய்வுபெற்றார். பாஸ்டனின் காமன்வெல்த் அவென்யூவில் இவருக்குச் சிலை உண்டு.