வம்ச வியாதியா? பி52 மரபணுவின் கதை

எங்க தேவாரம் பக்கம் சம்பந்தம் பேசும்போது ஜாதகத்தோடு இன்னொன்றையும் விசாரிப்பார்கள்: "வம்சத்துல ஏதும் வியாதி இருக்கா?" இப்போது அதே கேள்வி 'ஜீன்' என்ற புதுப்பெயரில் வருகிறது. ஒரு நோய்க்கு மரபணுத் தொடர்பு உண்டு என்றால் உண்மையில் என்ன அர்த்தம்? டகாயாசு நோயின் வரலாறு இதற்கு நல்ல பாடம்.

1908-ல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிதோ டகாயாசு, 21 வயதுப் பெண் ஒருவரின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் மாலைபோல வளைந்து கிடந்ததை ஒரு கூட்டத்தில் விவரித்தார். அதே கூட்டத்தில் ஓனிஷி, ககோஷிமா என்ற இருவர், தாங்கள் பார்த்த இதுபோன்ற நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடியே கிடைக்கவில்லை என்றார்கள். மகாதமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்துச் சுருங்குவதுதான் காரணம். பெரும்பாலும் நாற்பது வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கே வருகிறது. 1951-ல் இதற்கு 'நாடியில்லா நோய்' என்றே பெயர் வைத்தார்கள்.

அடுத்த திருப்பம் எச்எல்ஏ மரபணுக்கள். நம் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை வெளியே காட்டும் அறிவிப்புப் பலகை என்று இவற்றைச் சொல்லலாம். நோய் எதிர்ப்பு செல்கள் அதைப் படித்துத்தான் நம்மவரா, அந்நியரா என்று முடிவு செய்கின்றன. பலகையின் வகை ஆளுக்கு ஆள் மாறும். அந்தக் காலத்தில் வகையைக் கண்டுபிடிக்க உதவியது, பல பிள்ளை பெற்ற தாய்மார்களின் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள்கள்!

1978-ல் ஜப்பானியர்கள் டகாயாசு நோயாளிகளிடம் பி52 வகை அதிகம் இருப்பதாக எழுதினார்கள். 1990-களில் டெல்லி எய்ம்ஸில் என்.கே. மெஹ்ரா குழுவினர் இந்திய நோயாளிகளிடமும் பி5 குடும்பத்தின் தொடர்பைக் கண்டார்கள். பி5 என்பது பி51, பி52 இரண்டுக்கும் பொதுப்பெயர். இந்த இரண்டு புரதங்களுக்கும் வித்தியாசம் இரண்டே அமினோ அமிலங்கள், 63-வது இடத்திலும் 67-வது இடத்திலும். ஆனால் பி51 தொடர்புபடுவது வேறொரு ரத்தக்குழாய் நோயான பெசெட் நோயோடு. சாஃப்ட்வேர்காரனுக்கு இது புதிதில்லை, இரண்டு எழுத்து மாறினால் புரோகிராமே வேறு.

சரி, பி52 இருந்தால் நோய் வந்துவிடுமா? ஒரு எளிய கணக்கு. ஜப்பானில் லட்சம் பேரில் டகாயாசு நோயாளிகள் நாலைந்து பேர். அதே லட்சம் பேரில் பி52 உள்ளவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்குத்தான் பி52 உண்டு. அதாவது அந்தப் பத்தாயிரத்துச் சொச்சத்தில் நோய் வந்தவர் இரண்டு மூன்று பேர். மீதிப்பேர் நன்றாகத்தான் இருக்கிறார்கள்!

நோயின் போக்கும் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஜப்பானில் கைக்கும் தலைக்கும் போகும் கிளைகள் அதிகம் பாதிக்கப்படுகின்றன. இந்தியாவில் வயிற்று மகாதமனியும் சிறுநீரகத் தமனிகளும். அதனால் இங்கே இளவயதில் ஏறும் பிரஷர்தான் பலருக்கு முதல் அடையாளம்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் 1980-களிலேயே தமிழக மக்களின் எச்எல்ஏ வகைகளை ஆராய்ந்தார். 1991-ல் அவர் குழு காசநோய்க்கும் டிஆர்2 வகைக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டது. அதற்காகக் காசநோயை வம்ச வியாதி என்று சொல்வோமா? கிருமி வேண்டும், நெருக்கடியான வீடு வேண்டும், சத்துக்குறைவும் சேர வேண்டும். மரபணு கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே அக்காவுக்கு டகாயாசு என்று தங்கையின் கல்யாணத்தை நிறுத்துவதில் அறிவியல் எதுவும் இல்லை. அதைவிட உருப்படியான காரியம் ஒன்று உண்டு. இளவயதுப் பெண் நடந்தால் கால் வலி, கையைத் தூக்கினால் சோர்வு, தலைசுற்றல் என்று சொன்னால் 'ரத்தசோகை' என்று டானிக்கோடு அனுப்பிவிடாமல், இரண்டு கையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தாலோ, ஒரு கையில் நாடி பிடிபடாவிட்டாலோ, அந்த வயதில் பிரஷர் ஏறியிருந்தாலோ, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அதுவே போதும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தால் அழற்சியை அடக்க வழி இருக்கிறது.