மூன்றாம் வழி (போலந்து அரசியல் கூட்டணி)

மூன்றாம் வழி (போலிய மொழியில் 'ட்செச்சா ட்ரோகா') என்பது போலந்தில் 2023 முதல் 2025 வரை இயங்கிய மையவாத அரசியல் கூட்டணியாகும். ஷிமொன் ஹொவோவ்னியா தலைமையிலான 'போலந்து 2050' கட்சியும், விளாதிஸ்வாவ் கோசினியாக்-காமிஷ் தலைமையிலான போலிய மக்கள் கட்சியும் இணைந்து இதை உருவாக்கின. பிரித்தானியாவில் டோனி பிளேயர் காலத்தில் பேசப்பட்ட 'மூன்றாம் வழி' கொள்கைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. போலந்து அரசியலை ஆட்டிப்படைத்த இரண்டு பெருங்கட்சிகளுக்கு மாற்றான மூன்றாவது பாதை என்பதே இப்பெயரின் பொருள்.

இரண்டே ஆண்டுகள் நிலைத்த கூட்டணி என்றாலும், 2023ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்தில் இதற்குத் தீர்மானமான பங்கு உண்டு. தேர்தல் விதிகள் ஒரு நாட்டின் அரசியல் அணிகளை எவ்வாறு வடிவமைக்கின்றன என்பதற்கும் இதன் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு.

பின்னணி

2005ஆம் ஆண்டுக்குப் பின் போலந்து அரசியல் இரு முனைகளாகப் பிரிந்தது. ஒருபுறம் யாரோஸ்வாவ் காச்சின்ஸ்கியின் 'சட்டமும் நீதியும்' கட்சி. மறுபுறம் டோனால்டு டஸ்க்கின் 'குடிமக்கள் மேடை'. 2015இல் சட்டமும் நீதியும் கட்சி 37.58 விழுக்காடு வாக்குகளை மட்டுமே பெற்றது. ஆயினும் 460 இடங்கள் கொண்ட கீழவையான செய்மில் 235 இடங்களைக் கைப்பற்றித் தனித்து ஆட்சி அமைத்தது.

இது எப்படி நேர்ந்தது என்பதை அறியப் போலந்தின் தேர்தல் விதியைப் பார்க்க வேண்டும். அங்கு விகிதாசார முறை நடைமுறையில் உள்ளது. தனிக் கட்சி ஒன்று நாடு முழுவதிலும் குறைந்தது 5 விழுக்காடு வாக்குகளைப் பெற்றால்தான் செய்மில் நுழைய முடியும். கூட்டணியாகப் பதிவுசெய்து போட்டியிட்டால் அந்த வரம்பு 8 விழுக்காடு. வரம்பைத் தாண்டாத அணிகளின் வாக்குகள் இடப் பங்கீட்டில் கணக்கில் வராது. 2015இல் இடதுசாரிக் கட்சிகள் கூட்டணியாகப் போட்டியிட்டு 7.55 விழுக்காடு பெற்றன. அரை விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் அவற்றுக்கு ஓர் இடமும் கிடைக்காமல் போனது. இந்தப் பாடம் எட்டு ஆண்டுகள் கழித்தும் எதிர்க்கட்சிகளின் நினைவில் இருந்தது.

இரண்டு கட்சிகள், இரண்டு வேர்கள்

போலிய மக்கள் கட்சி உழவர் இயக்க மரபில் வந்தது. அம்மரபு 1895இல் ஆஸ்திரிய ஆட்சியின் கீழிருந்த கலீசியாப் பகுதியில் தொடங்கியது. உழவர் குடும்பத்தில் பிறந்து மூன்று முறை பிரதமரான வின்சென்ட்டி விட்டோஸ் இம்மரபின் முதன்மைத் தலைவர். இன்றைய கட்சி 1990இல் உருவானது. இடதுசாரிகளுடனும் பின்னர் 2007 முதல் 2015 வரை குடிமக்கள் மேடையுடனும் ஆட்சியில் பங்கு வகித்தது. சிற்றூர்களும் உள்ளாட்சி மன்றங்களும் அதன் பலம். மருத்துவரும் முன்னாள் தொழிலாளர் அமைச்சருமான கோசினியாக்-காமிஷ் 2015 முதல் அதன் தலைவராக உள்ளார். 2015இல் 5.13 விழுக்காடு பெற்று மயிரிழையில் தப்பிய அக்கட்சி, 2019இல் 8.55 விழுக்காடு வாக்குகளுடன் 30 இடங்களைப் பெற்றது.

போலந்து 2050 இதற்கு நேர்மாறானது. ஹொவோவ்னியா கத்தோலிக்க இதழாளர்; தொலைக்காட்சித் திறன் போட்டி நிகழ்ச்சி ஒன்றின் தொகுப்பாளராக நாடறிந்தவர். அரசியல் கட்சி எதையும் சாராமல் 2020ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று, முதல் சுற்றில் 13.87 விழுக்காடு வாக்குகளுடன் மூன்றாம் இடம் பிடித்தார். அதே தேர்தலில் நின்ற கோசினியாக்-காமிஷுக்குக் கிடைத்தது 2.36 விழுக்காடு மட்டுமே. தேர்தலுக்குப் பின் ஹொவோவ்னியா தொடங்கிய இயக்கம் 2021இல் கட்சியாகப் பதிவு பெற்றது. சூழலியல், கல்வி, அரசையும் திருச்சபையையும் பிரித்துவைத்தல் ஆகியவற்றை வலியுறுத்திய அக்கட்சிக்கு நகர்ப்புற நடுத்தர வகுப்பினர் ஆதரவளித்தனர்.

ஒன்றிடம் ஊர்தோறும் அமைப்பு இருந்தது. ஆனால் புதிய வாக்காளர்கள் வரவில்லை. மற்றொன்றிடம் புதிய வாக்காளர்கள் இருந்தனர். ஆனால் வேரூன்றிய அமைப்பு இல்லை. இந்த இரு குறைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்ததே கூட்டணிக்கு அடிப்படை.

கூட்டணி உருவாக்கம்

2023 தேர்தலை முன்னிட்டு, எதிர்க்கட்சிகள் அனைத்தும் ஒரே பட்டியலில் போட்டியிட வேண்டும் என்று டஸ்க் வலியுறுத்தினார். இரு தலைவர்களும் அதை ஏற்கவில்லை. சட்டமும் நீதியும் கட்சியின் மீது சலிப்புற்ற, ஆனால் டஸ்க்குக்கு வாக்களிக்க மனம் வராத மிதவாத வாக்காளர்கள் பலர் உள்ளனர். ஒரே பட்டியல் வைத்தால் அவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவர் என்பது அவர்களது வாதம்.

2023 ஏப்ரல் 27 அன்று கூட்டணி முறைப்படி அறிவிக்கப்பட்டது. கூட்டணியாகவே பதிவுசெய்ததால் 8 விழுக்காடு வரம்பு இதற்குப் பொருந்தியது. கோடைக்காலத்தில் சில கருத்துக் கணிப்புகளில் ஆதரவு அந்த வரம்பை நெருங்கிச் சரிந்தபோது எதிரணியில் அச்சம் பரவியது. கூட்டணி வரம்பைத் தவறவிட்டிருந்தால் 2015ஆம் ஆண்டு முடிவே திரும்பியிருக்கும். பெரிய கட்சிகளுக்குச் சாதகமான டி'ஹோண்ட் பங்கீட்டு முறையில், அந்த இடங்களில் பெரும்பகுதி சட்டமும் நீதியும் கட்சிக்கே சென்றிருக்கும்.

'சண்டை போதும், முன்னே செல்வோம்' என்னும் பொருள்படும் முழக்கத்துடன் கூட்டணி பரப்புரை செய்தது. அக்டோபர் 9 அன்று நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் கூட்டணியின் சார்பில் ஹொவோவ்னியா கலந்துகொண்டார். மேடைப் பழக்கம் அவருக்குக் கைகொடுத்தது.

2023 தேர்தலும் ஆட்சி மாற்றமும்

அக்டோபர் 15 அன்று நடந்த தேர்தலில் 74.38 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 1989ஆம் ஆண்டுத் தேர்தலைவிடவும் இது அதிகம். விரோட்ஸ்வாஃப் நகரின் ஒரு வாக்குச்சாவடியில் நள்ளிரவு கடந்தும் மக்கள் வரிசையில் நின்றனர். முடிவுகள் வருமாறு:

சட்டமும் நீதியும்: 35.38 விழுக்காடு, 194 இடங்கள்
குடிமக்கள் கூட்டணி: 30.70 விழுக்காடு, 157 இடங்கள்
மூன்றாம் வழி: 14.40 விழுக்காடு, 65 இடங்கள்
இடதுசாரி: 8.61 விழுக்காடு, 26 இடங்கள்
கான்ஃபெடரேசன்: 7.16 விழுக்காடு, 18 இடங்கள்

மூன்றாம் வழி பெற்ற வாக்குகள் 31 இலட்சத்துக்கும் மேல். பெரும்பான்மைக்கு 231 இடங்கள் தேவை. டஸ்க்கின் அணிக்கும் இடதுசாரிகளுக்கும் சேர்த்து 183 இடங்களே இருந்தன. மூன்றாம் வழியின் 65 இடங்கள் சேர்ந்தபோதுதான் எண்ணிக்கை 248 ஆனது.

நவம்பர் 10 அன்று கூட்டணி ஆட்சிக்கான உடன்படிக்கை கையெழுத்தானது. நவம்பர் 13 அன்று ஹொவோவ்னியா செய்மின் அவைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவிக்காலத்தின் நடுவில் அப்பதவியை இடதுசாரித் தலைவர் வ்வோஜிமியேஷ் சார்சாஸ்திக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது உடன்படிக்கையின் ஒரு பகுதி. டிசம்பர் 13 அன்று டஸ்க் அரசு பதவியேற்றது. கோசினியாக்-காமிஷ் துணைப் பிரதமராகவும் பாதுகாப்பு அமைச்சராகவும் பொறுப்பேற்றார். அண்டை நாடான உக்ரைனில் போர் நடந்துகொண்டிருந்த வேளையில் இது மிக முக்கியமான துறை. ஹொவோவ்னியா அவை நடத்திய விதம் பொதுமக்களை ஈர்த்தது. செய்மின் இணைய நேரலையை இலட்சக்கணக்கானோர் பார்த்தனர்.

உள் முரண்பாடுகள்

மூன்றாம் வழி ஒருபோதும் ஒரே கட்சியாக மாறவில்லை. தேர்தலுக்குப் பின் இரு கட்சிகளும் செய்மில் தனித்தனிக் குழுக்களாக அமர்ந்தன. ஐரோப்பிய அளவிலும் பாதைகள் வேறு: மக்கள் கட்சி வலமைய ஐரோப்பிய மக்கள் கட்சியைச் சார்ந்தது, போலந்து 2050 தாராளவாத 'ஐரோப்பாவைப் புதுப்பிப்போம்' அணியைச் சார்ந்தது.

சமூகக் கேள்விகளில் இவ்வேறுபாடு வெளிப்படையானது. 2020இல் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் கருக்கலைப்பு உரிமையை மேலும் சுருக்கியதை எதிர்த்து நாடெங்கும் போராட்டங்கள் நடந்தன. 1993ஆம் ஆண்டுச் சட்டநிலைக்குத் திரும்பி, பின்னர் பொதுவாக்கெடுப்பு நடத்தலாம் என்பது கூட்டணியின் நிலைப்பாடு. கருக்கலைப்புக்கு உதவுவோரைத் தண்டிக்கும் விதியை நீக்கும் மசோதா 2024 ஜூலையில் செய்மில் 215க்கு 218 என்னும் வாக்குகளில் தோற்றது. மக்கள் கட்சி உறுப்பினர்களில் பெரும்பாலோர் அதை எதிர்த்து வாக்களித்தனர்; போலந்து 2050 உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஆதரித்தனர். ஆட்சி மாற்றத்துக்காக வாக்களித்த இளம்பெண்கள் பலருக்கு இது பெரும் ஏமாற்றமாக அமைந்தது.

சரிவும் பிரிவும்

2024 ஏப்ரலில் நடந்த மாநில மன்றத் தேர்தல்களில் கூட்டணி 14.25 விழுக்காடு பெற்றுத் தன் பலத்தைத் தக்கவைத்தது. இரண்டே மாதங்களில், ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில், அது 6.91 விழுக்காடாகக் குறைந்தது. கிடைத்தவை 3 இடங்கள்.

2025 மே மாதக் குடியரசுத் தலைவர் தேர்தலில் இரு கட்சிகளின் ஆதரவுடன் ஹொவோவ்னியா மீண்டும் நின்றார். ஐந்தாண்டுகளுக்கு முன் 13.87 விழுக்காடு பெற்றவருக்கு இம்முறை 4.99 விழுக்காடே கிடைத்தது. மூன்றாவது பாதையைத் தேடிய வாக்காளர்களின் கண்ணில், அவைத்தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர் ஆட்சியின் ஒரு பகுதியாகிவிட்டார். இரண்டாம் சுற்றில் சட்டமும் நீதியும் கட்சியின் ஆதரவு பெற்ற கரோல் நவ்ரோட்ஸ்கி 50.89 விழுக்காடு பெற்று வென்றார்.

ஜூன் 17 அன்று மக்கள் கட்சி, அடுத்த தேர்தலைத் தனித்துச் சந்திக்கப்போவதாக முடிவெடுத்தது. மூன்றாம் வழி அத்துடன் முடிவுக்கு வந்தது. இரு கட்சிகளும் ஆட்சிக் கூட்டணியில் தொடர்ந்தன. நவ்ரோட்ஸ்கியின் பதவியேற்பைத் தள்ளிப்போட வேண்டும் என்று ஆளும் தரப்பில் சிலர் கேட்டபோதும், ஹொவோவ்னியா அவைத்தலைவர் என்ற முறையில் ஆகஸ்ட் 6 அன்று தேசியப் பேரவையைக் கூட்டிப் பதவியேற்பை நடத்திவைத்தார். உடன்படிக்கையின்படி 2025 நவம்பரில் அவைத்தலைவர் பதவி சார்சாஸ்தியிடம் சென்றது.

மதிப்பீடு

தேர்தல் கணக்கில் மூன்றாம் வழி வெற்றி பெற்ற கூட்டணியே. தனிப்பட்டியலாக நின்று, பெருங்கட்சிகள் இரண்டையும் விரும்பாத வாக்காளர்களை வாக்குச்சாவடிக்கு அழைத்து வந்தது. எட்டாண்டு ஆட்சியை மாற்றத் தேவையான இடங்களைத் தந்தது. ஆனால் அது எதிர்த்த இருமுனை அரசியல் மறையவில்லை. ஒரு முனையின் துணையாக ஆட்சியில் சேர்ந்த பின், 'மூன்றாவது' என்னும் சொல்லுக்குப் பொருள் தேய்ந்துபோனது. உழவர் மரபுக் கட்சியையும் நகர்ப்புறத் தாராளவாதக் கட்சியையும் இணைத்தது பொதுக் கொள்கையைவிட 8 விழுக்காடு என்னும் வாசல்தான். அந்த வாசலைத் தாண்டிய பிறகு சேர்ந்து நடப்பதற்கான காரணத்தை அவை கண்டடையவில்லை.