மேற்படி, மேற்படி

1985-ல் வந்த அட்டாரி எஸ்.டி.யில் நீங்கள் வரைந்த படம், நண்பரின் கம்மடோர் 64-ல் திறக்காது. வீட்டுக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் தனி பாஷை. போன் வழியாக அனுப்புவது இன்னும் கொடுமை. 320க்கு 200 புள்ளி, 16 நிறம் என்றால் 32,000 பைட். வினாடிக்கு 300 பிட் மோடத்தில் கிட்டத்தட்ட 18 நிமிஷம்! போன் வழியே சேவை தந்த கம்ப்யூசர்வ் கம்பெனியோ மணிக்கணக்கில் காசு வாங்கியது.

அங்கே ஸ்டீவ் வில்ஹைட் குழு 1987 ஜூனில் ஜிஃப்பைக் கொண்டுவந்தது. எந்தக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான படம், அளவும் சிறிசு. சூட்சுமம்? மளிகைக் கணக்கில் 'மேற்படி' போடுவோமே, கிட்டத்தட்ட அதேதான். முன்பு வந்த புள்ளி வரிசையே மறுபடி வந்தால் அதற்குப் பதில் ஓர் எண். டெர்ரி வெல்ச் 1984-ல் கட்டுரையாக எழுதியிருந்த முறை. பொதுச்சொத்து என்று நம்பி எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கு 1985-லேயே காப்புரிமை தரப்பட்டிருந்தது. 1994 டிசம்பர் கடைசியில், வெப் சூடுபிடித்த நேரம் பார்த்து, உரிமைக்காரரான யூனிசிஸ் கை நீட்டியது: ஜிஃப் செய்யும் சாஃப்ட்வேர் விற்கிறாயா, எடு பணத்தை! வயிறு எரியுமா, எரியாதா? அந்த எரிச்சலில் பிறந்ததுதான் பி.என்.ஜி. 1999 நவம்பர் 5-ல் ஜிஃப்களைக் கொளுத்த ஒரு நாளே குறித்தார்கள்.

ஜிஃப் சாகவில்லை. அமெரிக்காவில் 2003 ஜூனில் காப்புரிமைதான் செத்தது.