அரசாங்கத்துக்கு மானம் போனா நஷ்டஈடு உண்டா?

ஊத்துக்கோட்டையில குழாய்ல தண்ணி வரலைன்னு ஒருத்தர் உள்ளாட்சி அமைப்பைத் திட்டி போஸ்ட் போடுறார்னு வெச்சுக்குவோம். ‘எங்க மானம் போச்சு, நஷ்டஈடு கொடு’ன்னு அந்த அமைப்பு வழக்குப் போட முடியுமா? முடியாது. அதுக்குக் காரணம், ஒரு தூக்குத்தண்டனைக் கைதி எழுதின சுயசரிதை.

ஆறு கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட ஆட்டோ சங்கர் அதைச் செங்கல்பட்டு கிளைச் சிறையில எழுதினார். ஐஏஎஸ், ஐபிஎஸ் அதிகாரிகளோட தனக்குத் தொடர்பு இருந்ததாவும் அதுல சொல்லியிருந்தார். நக்கீரன் அதை வெளியிடப் போறதா அறிவிச்சதும், 1994 ஜூன்ல சிறைத்துறை ஐ.ஜி. கடிதம் அனுப்பினார்: எல்லாம் பொய், வெளியிட்டா நடவடிக்கை. ஆசிரியர் ராஜகோபால், அதாவது நம்ம நக்கீரன் கோபால், நேரா உச்ச நீதிமன்றம் போனார்.

அக்டோபர் 7-ல தீர்ப்பு. வெளியாகும் முன்னாடியே அரசு தடுக்க முடியாது. அரசும் உள்ளாட்சியும் அவதூறுக்கு நஷ்டஈடு கேட்க முடியாது. அதிகாரி கேட்கலாம், ஆனா அவரோட பணி சம்பந்தமான செய்தின்னா, பொய்னு காட்டினா மட்டும் போதாது. உண்மையான்னு கவலையே படாம எழுதினாங்கன்னு நிரூபிக்கணும். அமெரிக்காவுல 1964-ல வந்த சல்லிவன் தீர்ப்போட தாக்கம் இது.

ஆனா ஜெயிலுக்கு அனுப்பக்கூடிய குற்றவியல் அவதூறுச் சட்டத்தை நீதிபதிகள் தொடலை. எனக்கு இதுதான் பெரிய ஓட்டை. அமைச்சருக்காக அரசு வக்கீலே அந்த வழக்கைப் போடலாம். ஜெயலலிதா ஆட்சியில, 2016 வரைக்குமான அஞ்சு வருஷத்துல, 213 வழக்கு. அதே 2016-ல உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு.

2020 மே மாசம் சென்னை உயர் நீதிமன்றம் பத்திரிகைகள் மேல இருந்த பல வழக்குகளை ரத்து செஞ்சது. அந்தப் பட்டியல்ல நக்கீரனும் இருந்தது.