கொழும்பில் நிகழ்ந்த வேத வழக்கு

கொழும்பு மாநகரின் வடபால், புறக்கோட்டையின் ஆரவாரம் சற்றே அடங்குமிடத்தில், மேட்டு நிலமொன்றின்மீது வொல்வெண்டால் தேவாலயம் நிற்கின்றது. ஒல்லாந்தர் 1749ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கி 1757இல் பிரதிட்டை செய்த ஆலயம் அது. தடித்த சுவர்கள், உயர்ந்த பிரசங்க மேடை, தரையிற் பதித்த கல்லறைக் கற்கள் யாவும் உண்டு. வணங்குதற்குரிய சுரூபம் ஒன்றுமில்லை. அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்தே செல்லலாம். அங்கே 1902இல் நிறைவெய்திய புனித லூசியாள் பேராலயத்தில் சுரூபங்களும் மெழுகுதிரிகளும் பாவசங்கீர்த்தனத் தொட்டிகளும் காணப்படும். இரண்டும் கிறிஸ்துவின் பெயரால் எழுந்த ஆலயங்களே. ஆயினும் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக, இவற்றுள் ஒரு சமயத்தார் மற்றைச் சமயத்தாரைச் சட்டத்தினால் அடக்க முயன்றனர்.

1656ஆம் ஆண்டு மே மாதத்திற் போர்த்துக்கேயர் கொழும்பைக் கையளித்தனர். 1658இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தது. அவ்வாண்டிலேயே, கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போர் மரண தண்டனைக்கு உரியவர் என்று கட்டளை பிறந்தது. கோவில்கள் கைமாறின. பாமன்கடையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் காலி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் கடக்கும் மிலாகிரியா என்னும் இடப்பெயர், அற்புதங்களின் மாதாவுக்குப் போர்த்துக்கேயர் எடுத்த கோவிலின் பெயரே. இன்று அங்கிருப்பது புனித பவுலின் பெயர்பூண்ட அங்கிலிக்கன் ஆலயம். மாதா கோவில் மறைந்தும் மாதாவின் அற்புதம் ஊர்ப்பெயராய் நின்றுவிட்டது.

சட்டத்தின் கூர்மை மரண தண்டனையில் மாத்திரம் இருந்ததன்று. ஞானஸ்நானமும் விவாகமும் சீர்திருத்த சபையின் தோம்பிற் பதியப்படவேண்டும், பதியாதவன் பிள்ளைக்கு முதுசொம் கேட்கும் உரிமை தடைப்படும், உத்தியோகமும் எட்டாது. ஆகவே, காலையில் ஒல்லாந்தப் போதகர்முன் பிள்ளையை நீட்டியவன், இரவிற் கதவடைத்துச் செபமாலை சொன்னான். இவ்வாறு தோம்பிற் பெருகிய சபையை உண்மையான சபையென்று ஒல்லாந்தப் போதகருள்ளேயே பலர் நம்பவில்லை.

இனி, வழக்கின் பொருள் யாதெனப் பார்ப்போம். முதலாவது வேத புத்தகம். கத்தோலிக்கத் திருச்சபை 1546ஆம் ஆண்டிற் திரெந்து சங்கத்தில், எழுதப்பட்ட வேதமும் அப்போஸ்தலர்வழி வந்த பாரம்பரியமும் ஒத்த மதிப்புக்குரியவை என்றும், அவற்றின் பொருளை உரைக்கும் அதிகாரம் திருச்சபைக்கே உரியதென்றும் விதித்தது. கல்வீனின் வழிவந்த ஒல்லாந்த சபையோ வேதம் ஒன்றே பிரமாணம் என்றது. 1563இல் எழுந்த ஐடல்பேர்க் ஞானோபதேசமே அதன் பாடசாலைகளிற் கற்பிக்கப்பட்டது. தொபியாசு ஆகமம், மக்கபேயர் ஆகமம் முதலியன வேதத்துள் அடங்குமா என்பதிலும் இரு திறத்தாரும் பிரிந்து நின்றனர். மரித்தோருக்காக வேண்டிக்கொள்ளுதற்கு மக்கபேயர் ஆகமத்தைக் கத்தோலிக்கர் ஆதாரங் காட்ட, அது பிரமாண நூலே அன்று எனச் சீர்திருத்த சபையார் மறுத்தனர்.

கற்றவர்கள் நூல்களைப் புரட்டுகையில், சிறுபிள்ளைகள் பத்துக் கற்பனைகளை எண்ணும்போதே இவ்வேறுபாடு வெளிப்பட்டது. விக்கிரகம் செய்யலாகாது என்பதைச் சீர்திருத்த சபையார் இரண்டாங் கற்பனையாக எண்ணுவர். கத்தோலிக்கரோ அதனை முதலாவதனுள் அடக்கி, இறுதிக் கற்பனையை இரண்டாகப் பிரித்துப் பத்து நிரப்புவர். ஒல்லாந்தப் பாடசாலையிற் பிள்ளை சொல்லும் எண் ஒன்று. வீட்டிற் பாட்டி சொல்லிக்கொடுத்த எண் வேறொன்று. உபாத்தியாயருக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை!

பாவத்தைப் பற்றிய வழக்கே மிக ஆழமானது. சாவான பாவம் செய்தவன் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனஞ் செய்து பொறுத்தல் பெறவேண்டும் என்பது கத்தோலிக்கர் கொள்கை. மனிதன் விசுவாசத்தினாலன்றிக் கிரியைகளினால் நீதிமானாவதில்லை, பாவமன்னிப்புக்குக் கிறிஸ்துவையன்றி வேறு மத்தியஸ்தர் இல்லை என்பது மற்றையோர் கொள்கை. குருவானவரே இல்லாத தேசத்திற் கத்தோலிக்கன் என்செய்வான்? 1658 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அந்நிலைமையே இருந்தது. பிள்ளைகளுக்குத் தண்ணீர் வார்ப்பதும், செபம் நடத்துவதும், மரிப்பவன் செவியில் உத்தம மனஸ்தாப மந்திரத்தை ஓதுவதும் அண்ணாவிமாரும் மூப்பரும் செய்த தொண்டுகள். பூசையும் பொறுத்தலும் அவர்களாற் கொடுக்க முடியாதன.

இங்கே விந்தையொன்றைக் காண்கிறோம். குருமாரின் அதிகாரத்தை வற்புறுத்திய திருச்சபை இல்லறத்தாரின் தோளிலே உயிர்வாழ்ந்தது. வேதம் யாவர்க்கும் பொதுவென்று போதித்த சபையோ தேசாதிபதியின் கட்டளையைத் துணைக்கழைத்து நின்றது.

1687ஆம் ஆண்டிற் கோவையிலிருந்து, அதாவது போர்த்துக்கேயரின் கோவா நாட்டிலிருந்து, யோசேவாஸ் முனிவர் ஏழை வேடம் பூண்டு வந்து சேர்ந்தார். பின்னர் கண்டிக்குச் சென்றபோது ஒற்றனென ஐயுற்றுச் சிறைவைக்கப்பட்டார். ஆயினும் பௌத்தனான இரண்டாம் விமலதர்மசூரியனே இறுதியில் அவருக்கு ஆதரவளித்தான். கிறிஸ்தவர் துரத்திய குருவைப் பௌத்த மன்னன் காத்தான் என்பது ஈழத்து வரலாற்றில் மறக்கத்தக்கதன்று. கண்டியிலிருந்து கொழும்புக்கும் அவர் மறைவாக வந்து, இரவிற் பூசை செய்து, விடியுமுன் இடம்மாறினார். 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியில் மரித்தார். 2015 சனவரி 14இற் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

அவருக்குப் பின் வாதம் ஏடேறியது. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் என்னும் குருவானவர் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் செய்தார். தவக்காலத்தில் வாசிக்கப்பட்டுவந்த வியாகுலப் பிரசங்கம் அவருடையதே. கல்வீனியரை மறுத்தும் அவர் எழுதினார். அச்சகம் இல்லாமையால் அவர் நூல்கள் கையாற் படியெடுக்கப்பட்டே பரவின. ஒல்லாந்தருக்கோ 1737 முதற் கொழும்பில் அச்சகம் இருந்தது. அவர்கள் பக்கத்தில் நின்று எழுதியவர் கொழும்பிலே 1723இற் பிறந்த தமிழரான பிலிப்பு தெ மெல்லோ. கொழும்புச் செமினாரியிற் பயின்று, கிரேக்கம், எபிரேயம், இலத்தீன் கற்று, ஒல்லாந்த சபையிற் போதகராக அபிஷேகம் பெற்றவர். கத்தோலிக்கரை மறுத்து ‘சத்தியத்தின் செயம்’ என்னும் நூலை இயற்றினார். அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1759இற் கொழும்பில் அச்சேறியது. சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட தமிழ்ப் புலவர் வரலாற்றில் இவருக்கும் இடமளித்தது பொருத்தமே. கண்டனக்காரர் என்ற பெயரோடு மட்டும் இவரை ஒதுக்குதல் நியாயமாகாது. வேதத்தைத் தமிழன் தன் மொழியிலே வாசிக்கவேண்டும் என்ற அவரது முனைப்பு, கட்டளைகளினும் தோம்பினும் நெடிது வாழ்ந்தது.

கடலுக்கு அப்பாலும் இதே போர் நடந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் 1715இற் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். வீரமாமுனிவர் அந்த மொழிபெயர்ப்பின் தமிழையே எள்ளி, வேத விளக்கம் முதலிய நூல்களால் லுத்தேரன் சபையாரைக் கண்டித்தார். ஒருவர் மற்றவரைப் பதிதர் என்றனர். மற்றவர் இவரைப் பாப்பு மார்க்கத்தார் என்றனர். இதன் பயனாகத் தமிழிற் கிறிஸ்தவச் சொற்கள் இரண்டு தொகுதிகளாயின. ஒருவருக்குச் சர்வேசுரன், மற்றவருக்குப் பராபரன், பின்னர் தேவன், சேசுநாதர், இயேசு, சம்மனசு, தேவதூதன், இஸ்பிரீத்து சாந்து, பரிசுத்த ஆவி, பூசை, ஆராதனை. ஒருவர் வாயைத் திறந்து ஒரு வசனஞ் சொல்லுமுன் அவர் எக்கோவிலார் என்று அயலவர் அறிந்துகொண்டனர்.

1796இற் பிரித்தானியர் கொழும்பைக் கைப்பற்றியதும் தோம்புக் கிறிஸ்தவம் கரைந்தது. பலர் சைவத்துக்கும் பௌத்தத்துக்கும் திரும்ப, மறைந்திருந்த கத்தோலிக்கர் வெளிப்பட்டனர். 1806இல் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை நீக்கினார். இங்கிலாந்திலேயே அத்தகைய விடுதலை 1829இல்தான் கிடைத்தது.

அப்பால் வாதம் பாடசாலைகளுக்கும் பத்திரிகைகளுக்கும் இடம்பெயர்ந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் பூசை தமிழில் ஒலித்தது. விசுவாசத்தினால் நீதிமானாதல் பற்றி 1999இற் கத்தோலிக்கரும் லுத்தேரன் சபையாரும் ஒப்பமிட்ட உடன்பாட்டிற் சீர்திருத்த சபைகளின் உலக ஒன்றியமும் 2017இற் சேர்ந்தது. பாப்பரசரின் அதிகாரம் பற்றிய வழக்கு மாத்திரம் முன்போலவே இருக்கின்றது. இரு சபையாரும் கூடித் தமிழாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. அதிலே தொபியாசும் மக்கபேயரும் நீக்கப்படவுமில்லை, பழைய ஏற்பாட்டோடு கலக்கப்படவுமில்லை. இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே, ‘இணைத் திருமுறை’ என்னும் தனித்தலைப்பின்கீழ் வைக்கப்பட்டன.